ஏரியிலிருந்து வரும் குளிர்

நேயர்களுக்கு அன்பு வணக்கம்.

ஜூலை வெயிலில் ரொறன்ரோ நகர மையத்தின் அலுவலகக் கோபுரங்களுக்குள் நுழைந்தால் உடல் சில்லிடுகிறது. அவற்றில் பலவற்றுக்கு அந்தக் குளிர் ஒன்ராறியோ ஏரியின் ஆழத்திலிருந்து வருகிறது.

தண்ணீர் 4 பாகை செல்சியஸில்தான் மிகவும் கனமானது. குளிர்காலத்தில் அந்த நிலைக்கு வந்த நீர் கீழே இறங்கித் தங்கிவிடுகிறது. கோடை மேற்பரப்பை எவ்வளவு சூடாக்கினாலும் அடிநீர் குளிர்ந்தே கிடக்கிறது. கரையிலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீற்றர் தள்ளி, 83 மீற்றர் ஆழத்தில் மூன்று குழாய்கள் அந்த நீரை எடுக்கின்றன. ரொறன்ரோ தீவிலுள்ள நிலையத்தில் சுத்திகரிக்கப்பட்ட பின் அது நகருக்குள் வருகிறது. அங்கே வெப்பப் பரிமாற்றிகளில், மெல்லிய உலோகத் தகட்டின் ஒருபுறம் ஏரிநீர், மறுபுறம் கட்டடங்களைச் சுற்றிவரும் நீர். ஒரு துளியும் கலப்பதில்லை, குளிர் மட்டும் கைமாறுகிறது. பிறகு ஏரிநீர் குடிநீராக வீடுகளுக்குப் போய்விடும். 2004 இல் தொடங்கிய இந்த ஏற்பாட்டை, ஒரே நீரிடம் இரண்டு வேலை வாங்கும் அந்தக் கெட்டிக்காரத்தனத்துக்காகவே நான் நேசிக்கிறேன்.

மின்சாரம் மிச்சமாகிறது என்பது பாதிச் செய்திதான். எந்த நேரத்தில் மிச்சமாகிறது என்று பாருங்கள். கொளுத்தும் பிற்பகலில் எல்லாக் குளிரூட்டிகளும் ஒன்றாக ஓடும்போதுதான் ஒன்ராறியோவின் எரிவாயு மின்நிலையங்கள் முடுக்கிவிடப்படுகின்றன. ஏரியின் குளிர் அந்தச் சுமையைத்தான் குறைக்கிறது.

ஆனால் இந்தக் குழாய்கள் நகர மையத்தோடு நின்றுவிடுகின்றன. நம்மவர்கள் நிறைந்து வாழும் ஸ்காபரோவில், குளிரூட்டியே இல்லாத பழைய வாடகை மாடிகளில் முதியவர்கள் வெப்ப அலையைத் தாங்குகிறார்கள். இது எனக்கு ஏற்புடையதாக இல்லை. ஏரிநீரை அவ்வளவு தூரம் கொண்டுசெல்வது கடினம் என்பார்கள், சரி. கழிவுநீர் எல்லாத் தெருவின் அடியிலும் ஓடுகிறதே! வன்கூவரின் ஃபோல்ஸ் கிரீக் பகுதி 2010 முதல் கழிவுநீரின் சூட்டை வெப்ப விசைக்குழாய்களால் (heat pump, சூட்டை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றும் இயந்திரம்) எடுத்து வீடுகளைச் சூடாக்குகிறது. அத்தகைய இயந்திரங்களைக் கோடையில் குளிரூட்டவும் அமைக்கலாம். கட்டடம் எழும்பி, தெருவுக்குத் தார் போட்ட பிறகு குழாய் பதிப்பது பெருஞ்செலவு. வரைபடம் மேசையில் இருக்கும்போதே முடிவெடுக்க வேண்டும்.

உங்கள் பகுதியில் புதிய மாடிக் குடியிருப்பு பற்றிய பொதுக்கூட்டத்துக்கு அழைப்பு வந்தால் தவறாமல் போங்கள். வாகனத் தரிப்பிடம் பற்றிக் கேட்பதோடு நிறுத்தாமல், வெப்பமும் குளிரும் எங்கிருந்து வரப்போகின்றன என்றும் கேளுங்கள். வணக்கம்.