பழி பேட்டரி மேல்

நேயர்களுக்கு வணக்கம். சென்னை புதுப்பேட்டைப் பக்கம் ஆட்டோ எலக்ட்ரீஷியனாக இருக்கிறேன். காலையில் கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் நம் ஊரில் முதல் பழி பேட்டரிக்குத்தான். புதுசு வாங்கிப் போடுகிறோம். சில மாதம் ஓடும். அப்புறம் பழையபடி தெருவில் நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ள வேண்டியதுதான்.

திருவான்மியூரிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் 1997 மாடல் மாருதி 800 கொண்டுவந்தார். இரண்டு வருடத்தில் மூன்றாவது பேட்டரி. "டைனமோ போயிடுச்சு, மாத்தணும்னு ஒரு கடையில சொல்லிட்டாங்க தம்பி" என்றார். அவர் வண்டியில் இருப்பது டைனமோ இல்லை, ஆல்டர்னேட்டர். இரண்டுக்கும் வேலை ஒன்றுதான்: எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கிப் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுவது. பழைய அம்பாசிடர், ஃபியட் காலத்துப் பெயர் வாயில் ஒட்டிக்கொண்டது. கடையில் நானும் டைனமோ என்றுதான் சொல்வேன்.

எதையும் கழற்றுவதற்கு முன் அளந்து பார்க்க வேண்டும். ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்கு மல்டிமீட்டர் கிடைக்கிறது. இரவெல்லாம் நின்ற வண்டியில், சாவி போடும் முன் பேட்டரியின் இரண்டு முனையிலும் வையுங்கள். 12.6 வோல்ட் என்றால் வயிறு நிறைந்திருக்கிறது. 12.2 அரை வயிறு. 12-க்குக் கீழே பட்டினி. அடுத்து எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டு, கொஞ்சம் ரேஸ் கொடுத்துப் பாருங்கள். 13.8-க்கும் 14.5-க்கும் நடுவில் நிற்க வேண்டும். 12 சொச்சத்திலேயே இருந்தால் சார்ஜ் ஏறவில்லை. 15-ஐத் தாண்டினால் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டிருக்கும். பேட்டரித் தண்ணீர் கொதித்து வற்றிவிடும்.

ஆசிரியர் வண்டியில் 13.3 காட்டியது. ஆல்டர்னேட்டர் பின்னால் இருக்கும் தடித்த வயர் முனையிலும் அதன் உடம்பிலும் வைத்தேன்: 14.2. அங்கே கிளம்பியது இங்கே வந்து சேரவில்லை. வழியில் எங்கோ தொலைகிறது. பாசிட்டிவ் பக்கம் அளந்தால் 0.1 தான் விழுகிறது, பரவாயில்லை. மீட்டரின் ஒரு குச்சியை ஆல்டர்னேட்டர் உடம்பிலும் இன்னொன்றைப் பேட்டரி நெகட்டிவ் முனையிலும் வைத்தேன். 0.8! எஞ்சினிலிருந்து வரும் எர்த் வயரின் போல்ட்டைக் கழற்றினால் அடியில் பச்சைப் பாசி மாதிரி பூத்திருந்தது. கடல் காற்று செய்த வேலை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வயரை மாற்றி, மேலே வாசலின் தடவினேன். பேட்டரியில் 14.1 வந்தது. "செல்ஃப் இழுத்து இழுத்து எடுத்ததும் இதனாலதானா?" என்று கேட்டார். இதனால்தான்.

டேஷ்போர்டில் இருக்கும் சிவப்பு பேட்டரி விளக்கையும் கவனியுங்கள். சாவியைத் திருப்பியதும் எரிய வேண்டும், எஞ்சின் ஓடியதும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள். பல பழைய வண்டிகளில் அந்த பல்ப் வழியாகப் போகும் சின்ன மின்சாரம்தான் ஆல்டர்னேட்டரை எழுப்பிவிடும். பல்ப் போய்விட்டால் அதுவும் தூங்கிவிடும். பத்து இருபது ரூபாய் பல்புக்காக முழு ஆல்டர்னேட்டரையே மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். உண்மையாகவே ஆல்டர்னேட்டரில்தான் கோளாறு என்றாலும் பல நேரம் உள்ளே சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும், அவ்வளவுதான்.

மழைக்காலத்தில் ஸ்டார்ட் செய்ததும் கீச்சென்று சத்தம் வந்தால் ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் ஃபேன் பெல்ட் வழுக்குகிறது. டைட் வைத்தால் சரியாகும்; விரிசல் விட்டிருந்தால் மாற்றிவிடுங்கள்.

ஓடும் வண்டியில் பேட்டரி டெர்மினலைக் கழற்றி, எஞ்சின் நிற்கிறதா என்று பார்க்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. டைனமோ காலத்து வித்தை அது. ஆல்டர்னேட்டர் வண்டியில் செய்தால் வோல்டேஜ் ஒரேயடியாக எகிறி அதன் உள்ளே இருக்கும் டயோடு போய்விடும். யார் செய்ய வந்தாலும் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

சரி, சார்ஜ் ஒழுங்காக ஏறுகிறது, ஆனாலும் காலையில் டவுன் ஆகிறதா? ஏதோ ஒன்று இரவெல்லாம் குடிக்கிறது. பெரும்பாலும் பின்னால் சேர்த்த மியூசிக் சிஸ்டம், இல்லாவிட்டால் டிக்கி விளக்கு. டிக்கியை மூடினால் விளக்கு அணைகிறதா என்று எப்படிப் பார்ப்பது? போனில் வீடியோவை ஓடவிட்டு உள்ளே வைத்து மூடுங்கள், ஒரு நிமிடம் கழித்து எடுத்துப் பாருங்கள். சாவியை மட்டும் உள்ளே விட்டுவிடாதீர்கள். வணக்கம்.