சாயலில் இருவருக்கும் பங்கு

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போனால், மூக்கு அப்பாவை உரித்து வைத்திருக்கிறது, நெற்றி அம்மாவைக் கொண்டிருக்கிறது என்று பேசி மகிழ்கிறோம். அதில் தவறில்லை. ஆனால் பிள்ளை கறுப்பாகப் பிறந்தால் தாய்வீட்டைச் சாடுவதும், பெண்ணாகப் பிறந்தால் தாயையே குறை சொல்வதும் இன்னும் நம்மிடையே ஓயவில்லை என்பது என்னை வருத்துகிறது. உயிரியல் அதற்குச் சிறிதும் இடம் தரவில்லை.

தாயின் கருமுட்டை, மரபணுக்களைச் சுமக்கும் இழைகளான குரோமோசோம்கள் 23-ஐயும் தந்தையின் விந்தணு 23 குரோமோசோம்களையும் கொண்டுவருகின்றன. பெற்றோர் ஒவ்வொருவரும் தம்மிடமுள்ள 23 இணைகளில் இணைக்கு ஒன்றை மட்டுமே கொடுப்பதால், ஒருவரிடமிருந்து வரக்கூடிய சேர்க்கைகளே 8 மில்லியனைத் தாண்டும். உடன்பிறந்தோர் வெவ்வேறு சாயலில் இருப்பது இதனால்தான். தோலின் நிறத்தைப் பல மரபணுக்கள் சேர்ந்து முடிவு செய்கின்றன. ஆகவே பெற்றோர் இருவரையும்விட நிறம் கூடியோ குறைந்தோ பிள்ளை பிறப்பது இயல்பே. ஆணா பெண்ணா என்பது, தந்தையின் விந்தணு ஒய் குரோமோசோமைக் கொண்டுவருகிறதா எக்ஸைக் கொண்டுவருகிறதா என்பதைப் பொறுத்தது. ஒய் வந்தால் ஆண், எக்ஸ் வந்தால் பெண். தாயிடம் கொடுப்பதற்கு எக்ஸ் மட்டுமே உண்டு.

வெளியே தெரியாத பண்பும் மறைந்திருந்து வரும். ஊதாப் பூ பூக்கும் பட்டாணியையும் வெள்ளைப் பூ பூக்கும் பட்டாணியையும் மரபியலின் முன்னோடியான மெண்டல் கலந்தபோது, முதல் தலைமுறை முழுவதும் ஊதாவாகவே பூத்தது. அடுத்த தலைமுறையில் ஏறத்தாழ நான்கில் ஒரு செடியில் வெள்ளை திரும்பி வந்தது. 1866-இல் அவர் வெளியிட்ட இந்த ஆய்வை அறிவுலகம் 1900 வரை கண்டுகொள்ளவில்லை.

சிங்கப்பூரில் நூற்றுக்கு ஏறத்தாழ 3 பேர், இப்படி மறைந்திருந்து வரும் பரம்பரை ரத்தசோகை நோயான தலசீமியாவின் மரபணுவைச் சுமக்கிறார்கள். பெரும்பாலோர் நலமாகவே இருப்பதால் அவர்களுக்கே அது தெரிவதில்லை. கணவன் மனைவி இருவருமே ஒரே வகைத் தலசீமியாவைச் சுமந்தால், ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் கடும் நோய் வரலாம். அத்தகைய பிள்ளைக்குப் பெரும்பாலும் சில வாரங்களுக்கு ஒருமுறை, வாழ்நாள் முழுவதும், ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். மூத்த பிள்ளைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூவருக்கு வராது என்று எண்ணிவிடக் கூடாது. ஒவ்வொரு முறையும் அதே கணக்குத்தான். ஒருவர் மட்டும் சுமந்தால் பிள்ளைக்கு அக்கடும் நோய் வராது. எனவே திருமணம் பேசி முடிக்கும் பெரியவர்கள், பெண்ணை மட்டும் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பாமல், மாப்பிள்ளையையும் உடன் அனுப்பிவையுங்கள்.