பித்தளைத் தகட்டில் ஒரு துளை

(‘சயாஜி’, அதாவது பர்மியில் பெரிய வாத்தியார், என்று அழைக்கப்பட்ட லாரி மெக்கானிக்குக்காக யாங்கோனில் பழைய லாரிப் பிரியர்கள் கூடிய நினைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, சயாஜியின் குடும்பத்தாரே, வண்டியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு வந்திருக்கும் நண்பர்களே, வணக்கம்.

மாலை போட்ட படத்துக்குக் கீழே, மேசைமேல் ஒரு பித்தளைத் தகடு இருக்கிறது. உள்ளங்கை அகலம், நடுவில் ஒரு துளை. வந்தவர்களில் பாதிப் பேர் அதைப் பூஜைச் சாமான் என்று நினைத்திருப்பீர்கள். அது சயாஜி தன் கையால் அறுத்து, அரம் போட்டுச் செய்த கருவி. அது எதற்கு என்று விளக்கிவிட்டால், அவரைப் பற்றி இங்கே பேச வேண்டியதில் முக்கால்வாசி முடிந்துவிடும்.

பர்மாவில் பழைய லாரி என்றதும் கண்ணில் வருவது அந்தக் குட்டை மூக்கு செவர்லெட்தான். இரண்டாம் உலகப் போருக்காகக் கனடாவில் ஃபோர்டும் செவர்லெட்டும் ஒரே ராணுவ மாதிரியில் செய்தவை. 4 லட்சத்துக்கும் மேல் வெளிவந்தன. பிரிட்டிஷ் பதினான்காம் படையோடு இம்பாலிலிருந்து தமு, கலேவா வழியாக இறங்கி, 1945 மார்ச்சில் மண்டலே, மே மாதத்தில் ரங்கூன் என்று வந்து சேர்ந்த வண்டிகளில் இவையும் உண்டு. படை போனது, வண்டிகள் நின்றுவிட்டன. மரத்தில் பாடி கட்டி, லைன் பஸ்ஸாகவும் மூட்டை லாரியாகவும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஓட்டினார்கள். 1962-க்குப் பிறகு இறக்குமதி அடைபட்டது. 1963, 64-இல் கடைகளும் கம்பெனிகளும் தேசியமயமாயின. நம் சனங்கள் லட்சக்கணக்கில் கப்பலேறினார்கள். புது வண்டியும் இல்லை, புதுப் பாகமும் இல்லை. ஆக, இந்த லாரிகள் வேறு வழியில்லாமல் பிழைத்தவை. பாசமெல்லாம் பிறகு வந்தது. யாராவது ‘பாரம்பரியம்’ என்று ஆரம்பித்தால் சயாஜி இதைத்தான் சொல்லி வாயை அடைப்பார்.

பட்டறைக்கு ஒரு வண்டி வந்தால் அவர் முதலில் எடுப்பது ஸ்பானரை அல்ல, அளவு நாடாவை. சின்ன மாடலான சி15 என்றால் முன்சக்கர நடுவிலிருந்து பின்சக்கர நடுவரை 101 அங்குலம். 3 டன் சி60எல் 158 அங்குலம். நடுவில் சி30, சி60எஸ் 134 அங்குலம். இவை எதிலும் சேராத ஒரு கணக்கு வந்தால், ஆட்களை ஏற்றுவதற்காக யாரோ வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸை வெட்டி நீட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். உடனே கீழே படுத்து ஒட்டைத் தேடுவார். ஒட்டுத் தகட்டின் முனை செங்குத்தாக நின்றால் தலையை ஆட்டுவார். நேர்க்கோட்டில் பற்றவைத்த இடத்தில் சேஸிஸ் அந்தக் கோட்டோடேயே கீறிக்கொண்டு போகும். முனையைச் சாய்வாக வெட்டி, மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் குறுக்கே பற்றவைக்காமல் விட்டால் பளு படிப்படியாக இறங்கும். இதை எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்தார் என்பதற்குக் கணக்கே இல்லை.

இப்போது தகட்டுக்கு வருவோம்.

செவர்லெட்டில் இருப்பது 216 கன அங்குல எஞ்சின். ஆறு சிலிண்டர், 85 குதிரைச் சக்தி. பின்னால் வந்த எஞ்சின்களில், சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்டுக்குள்ளேயே துளை போட்டு, அதைப் பிஸ்டனோடு இணைக்கும் ஒவ்வொரு கனெக்டிங் ராடுக்கும் பம்பு அழுத்தத்தில் ஆயில் போகும். 216-இல் பம்பின் அழுத்தம் அந்தத் தண்டைத் தாங்கும் மெயின் பேரிங்கோடு நின்றுவிடும். ராடுக்கு வேறு ஏற்பாடு. ஒவ்வொரு ராடின் அடியிலும் அகப்பை மாதிரி ஒரு சின்ன மூக்கு. எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தட்டான சம்ப்புக்குள், அதற்கு நேர்கீழே ஒரு தொட்டி. மெதுவாக ஓடும்போது அகப்பை தொட்டியில் முங்கி ஆயிலை அள்ளிக்கொள்ளும். வேகம் கூடினால் முங்கி அள்ள நேரம் கிடைக்காது. அப்போது பக்கத்திலிருக்கும் குழாய் முனையிலிருந்து பீய்ச்சும் ஆயில், சுற்றி வரும் அகப்பையின் வாயில் நேராகப் போய் விழ வேண்டும். வாய் தப்பினால் ராடு பட்டினி.

இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. டேஷ்போர்டில் உள்ள ஆயில் கேஜ் இந்தப் பட்டினியைக் காட்டாது. நல்ல எஞ்சினிலேயே அது 14, 15 பவுண்டுதான் காட்டும். ஜப்பான் ஹீனோ லாரி ஓட்டிப் பழகியவர்கள் அதைப் பார்த்துப் பயந்து பம்பைப் பிரிப்பார்கள். பம்பில் குற்றம் இருக்காது. கேஜ் சரியாக நின்றுகொண்டிருக்கும்போதே நாலாவது ராடு வறண்டு, வார்த்த உலோகம் உருகிச் சம்ப்பில் கிடக்கும். ‘கேஜைப் பார்த்து நம்பாதே, சம்ப்பைப் பார்த்து நம்பு’ என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னது இதற்காகத்தான்.

சம்ப்பை எப்படிப் பார்ப்பது? கழற்றி, தொட்டிகளில் படிந்த சேற்றை மண்ணெண்ணெயில் கழுவி, மேசைமேல் மட்டமாக வைப்பார். ஆயில் வரும் வழியில் ரப்பர் குழாயை மாட்டித் தண்ணீரைத் திறப்பார். ஆறு முனையிலும் நூல்போலத் தண்ணீர் எழும்பும். அங்கேதான் இந்தப் பித்தளைத் தகடு. ஒவ்வொரு தொட்டிமேலும் நிறுத்தினால் நீர்த்தாரை துளைக்குள் புகுந்து வெளியே போக வேண்டும். அகப்பையின் வாய் எந்த உயரத்தில், எந்த இடத்தில் வரும் என்று எஞ்சினில் அளந்து போட்ட துளை அது. தாரை ஓரத்தில் பட்டுச் சிதறினால் முனையை மயிரிழை அளவு வளைத்து, மறுபடி தகட்டை வைப்பார். ஆறும் சரியாக அமைய அரை நாள்கூட ஆகும். கம்பெனிக்காரர்கள் இதற்கென்றே ஒரு கருவி விற்றார்கள். நமக்குக் கிடைக்காததால் அவர் செய்துகொண்டார். வேலை முடிந்ததும் குழாய்களில் காற்றடித்துத் தண்ணீரை விரட்டி, ஆயில் ஓடவிட்டுத்தான் சம்ப்பை மாட்டுவார். ஒரு துளி ஈரம் நின்றாலும் துருப்பிடித்து முனை அடைத்துவிடும்.

முனை ஏன் சாய்கிறது? பெரும்பாலும் நாமேதான் காரணம். ஜாக்கியைச் சம்ப்புக்கு அடியில் கொடுத்து வண்டியைத் தூக்குகிறோம். வெளித் தகடு அரை அங்குலம் உள்ளே போனால் தொட்டியும் முனையும் சேர்ந்து எழும்பும். பிறகு சத்தம் வருகிறது என்று 50 நம்பர் ஆயிலை ஊற்றுகிறோம். கெட்டி ஆயிலில் தட்டும் சத்தம் அடங்கும், உண்மைதான். ஆனால் அது முனையிலிருந்து தாரையாக எழும்பாது. நோயை மூடிவைத்து ஆளைக் கொல்கிற வைத்தியம். அவர் 30 நம்பருக்கு மேல் விடவே மாட்டார்.

தட்டுவது எந்த ராடு என்று கண்டுபிடிக்க அவருக்கு ஸ்டெதாஸ்கோப் தேவைப்படவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, ஒவ்வொரு பிளக்காக மின்சாரத்தை நிறுத்துவார். எந்தச் சிலிண்டரை நிறுத்தும்போது சத்தம் மங்குகிறதோ அதுதான். ஆக்ஸிலரேட்டரை லேசாக விடும் நொடியில் கேட்டால் ராடு. பளு இழுக்கும்போது அடியிலிருந்து ஆழமாகக் கேட்டால் மெயின்.

ராடில் இருப்பது மாற்றிப் போடும் பேரிங் இல்லை, நேரே உருக்கி வார்த்த ஒயிட் மெட்டல். வெள்ளீயம் 89 பங்கு, ஆன்டிமனி ஏழரை, செம்பு மூன்றரை என்பது அவருடைய கலவை. பழைய ராடுகளிலிருந்து உருக்கி எடுத்ததைத் திரும்பத் திரும்ப வார்ப்பதற்கு அவர் சம்மதித்ததில்லை. அதில் எத்தனை கைகளின் காரீயப் பற்று கலந்திருக்கிறதோ, யாருக்குத் தெரியும்? பழையதை உருக்கி இறக்கி, ராடின் வாயைத் திராவகத்தால் துடைத்து, முதலில் மெல்லிய வெள்ளீயப் பூச்சு. பூச்சு கண்ணாடிபோல ஒரே சீராக ஓட வேண்டும்; ஒரு கறுப்புப் புள்ளி நின்றாலும் மறுபடி முதலிலிருந்து. உலோகம் பதமாக உருகிவிட்டதா என்று பார்க்க மூங்கில் குச்சியை விடுவார். குச்சி பழுப்பாகக் கருக வேண்டும், தீப்பிடிக்கக் கூடாது. ராடையும் சூடாக்கிக்கொண்டு, நிறுத்தாமல் ஒரே ஊற்றாக ஊற்ற வேண்டும். நடுவில் கை நின்றால் அந்த இடத்தில் ஒரு மடிப்பு விழும். 200 மைல் ஓடியதும் அங்கிருந்துதான் பெயரும்.

ஆறியதும் சோதனை. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, நன்றாகத் துடைத்து, ஓரத்தில் சாக்குப்பொடி பூசுவார். ஒட்டாத இடம் இருந்தால் உள்ளே புகுந்த மண்ணெண்ணெய் கசிந்து பொடியில் கறையாக எழும்பும். வார்த்தவர் அவரே, கறையைத் தேடுபவரும் அவரே. கறை கண்டால் முகம் சுளிக்காமல் உருக்கிவிடுவார்.

கடைசியில் இடைவெளி. அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கை நம் பட்டறைகளில் தவ் என்கிறோம். ராடுக்கு ஒன்றரை தவ் வைப்பார். மூடியின் இரண்டு பக்கமும் உள்ள மெல்லிய ஷிம் தகடுகளைச் சமமாக எடுத்துக்கொண்டே வர வேண்டும். ஒரு பக்கம் மட்டும் எடுத்தால் வட்டம் கோணிவிடும். கையால் தள்ளினால் ராடு அசையக் கூடாது, சின்னச் சுத்தியலால் பக்கவாட்டில் மெல்லத் தட்டினால் நகர வேண்டும். அந்தத் தட்டு எவ்வளவு என்பதை வாயால் சொல்ல முடியாது. இங்கே நாலைந்து பேர் கையில் அது இருக்கிறது.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பாடி கட்டும்போது அடி விட்டங்களுக்குப் பியின்கடோ, நம் ஊரில் இருள் என்கிற மரம். மேல் சட்டத்துக்குத் தேக்கு. பாடியைச் சேஸிஸோடு பற்றவைக்கவோ, சேஸிஸ் விளிம்பில் துளை போடவோ அவர் விட்டதில்லை; யு போல்ட்தான். குண்டுகுழியில் சேஸிஸ் முறுக்கிக்கொள்ளும், அதற்கு இடம் வேண்டும். பிரேக் எண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்த நாட்களில் எஞ்சின் ஆயிலை ஊற்றி ரப்பர் வாஷர்கள் ஊதிப்போய், பிரேக் பிடித்தபடியே நின்ற வண்டிகளை எல்லாம் இலவசமாகவே கழுவிக் கொடுத்தார். தண்ணீர்த் திருவிழாவுக்குப் பிள்ளைகளை ஏற்றிப் போகிற வண்டிகளுக்கு இரண்டே கட்டளை: எஞ்சின் மூடியைத் திறக்காதே, பிளக்குகளுக்கு மின்சாரம் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டருக்கு உறை போடு. இந்த வண்டியில் எஞ்சின் டிரைவருக்கும் அவருடைய கையாளான சப்பேயாவுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. சூடான வார்ப்பிரும்பில் ஒரு வாளி பச்சைத் தண்ணீர் விழுந்தால் வெடிப்பு நிச்சயம்.

சக்கரத்தைப் பற்றி மட்டும் வேகமாகப் போகக் கூடாது. 9.00-16 டயர் மாட்டும் அந்த ரிம் இரண்டு பாதியாகச் செய்து நட்டால் இறுக்கியது. வட்டமாக இரண்டு வரிசை நட்டு இருக்கும். உள் வரிசை சக்கரத்தை ஹப்போடு பிடிப்பது. வெளி வரிசை இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடிப்பது. டயரில் காற்று இருக்கும்போது வெளி வரிசையைக் கழற்றினால் பாதி ரிம் முகத்தில் வந்து அடிக்கும். ஆள் தப்ப மாட்டான். சயாஜி தன் கைக்கு வந்த எல்லா வண்டியிலும் வெளி வரிசைக்குச் சிவப்பு பெயின்ட் அடித்தார். வண்டிக்காரர் கேட்டாலும் கேட்காவிட்டாலும், காசு வாங்காமல். டயர் வேலை என்றால் முதலில் வால்வின் ஊசியையே கழற்றி எடு, காற்று போன சத்தம் நின்றபிறகும் ஒரு கம்பியை விட்டுப் பார், பிறகு சிவப்பைத் தொடு. இன்றைக்கு வெளியே நிற்கிற வண்டிகளைப் போய்ப் பாருங்கள். பெயின்ட் உதிர்ந்திருந்தால் இந்த வாரமே அடியுங்கள்.

2011-இல் பழைய வண்டியை ஒப்படைத்தால் புது வண்டி இறக்குமதி செய்ய அனுமதி என்று அரசாங்கம் அறிவித்தது. முதலில் 40 வயது தாண்டிய வண்டிகள். நம் லாரிகள் வரிசையில் போய் நின்றன. அனுமதிச் சீட்டின் விலைக்கு முன்னால் லாரியின் விலை ஒன்றுமே இல்லை. கொடுத்தவர்களை அவர் குறை சொல்லவில்லை. பெண்ணுக்குக் கல்யாணம், வீட்டுக்குக் கூரை என்று ஆளுக்கொரு தேவை. போகிற ஒவ்வொரு வண்டியின் சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும், எங்கே நீட்டப்பட்டது, எந்த ராடு எப்போது வார்த்தது என்பதையும் நோட்டில் எழுதிக்கொண்டார். அதேபோல, 216-ஐ எடுத்துவிட்டு ஜப்பான் டீசல் எஞ்சின் போட்டவர்களை நம்மில் சிலர் ஏளனம் செய்வதுண்டு. அவர் செய்ததில்லை. அந்த டீசல் இல்லாவிட்டால் அந்தச் சேஸிஸ் இன்று இருக்காது என்பார். என் அபிப்பிராயமும் அதுதான். அசல் எஞ்சின் வைத்திருப்பவர் பெருமைப்படலாம், ஆனால் சம்ப்பைக் கழற்றிப் பார்த்த பிறகு.

அவர் கடைசியாகப் பிரித்த எஞ்சின் இன்னும் பட்டறை மேசைமேல் இருக்கிறது. ராடுகளை எண் வரிசையில் வார்க்க மாட்டார். சிலிண்டர்கள் தீப்பற்றும் வரிசையில் வார்ப்பார், 1, 5, 3, 6, 2, 4 என்று. கேட்டால் ‘அப்பத்தான் மறக்காது’ என்பார். 1, 5, 3 முடிந்து, சாக்குப்பொடிச் சோதனையும் ஆகி, துணியில் சுற்றியிருக்கிறது. 6, 2, 4 மிச்சம். வெள்ளீயம் போதுமான அளவு இருக்கிறது. நோட்டில் கலவை எழுதியிருக்கிறது. சயாஜி வீட்டு அம்மா பட்டறைச் சாவியைக் கொடுத்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஆரம்பிக்கிறோம். இந்தத் தகட்டையும் எடுத்துப் போகிறோம். மூங்கில் குச்சியும் மண்ணெண்ணெயும் அங்கேயே இருக்கின்றன. சம்ப்புக்குத் தண்ணீர் விட அரை அங்குல ரப்பர் குழாய் பத்தடி வேண்டும், பழையது வெடித்துவிட்டது. யாரிடம் இருக்கிறது, கையைத் தூக்குங்கள்.