ஆமாம் என்று சொல்லிவிடு, ராசா

நேயர்களுக்கு வணக்கம். நம் டர்பனின் சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் அடுப்படியில் வானொலியை வைத்துக்கொண்டு கேட்கும் ஆயாக்களுக்கு, பாட்டிமார்களுக்கு, தனியாக ஒரு வணக்கம். இன்று நான் பேசப்போவது பெரும்பாலும் உங்களோடுதான்.

குற்றம் சாட்டப்பட்ட, பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகளுக்காக டர்பன் நீதிமன்றங்களில் வாதாடுகிறேன். சம்பளம் அரசு சட்ட உதவியிலிருந்து வருகிறது. ஆனால் என் கட்சிக்காரர் அரசு அல்ல. பிள்ளையைக் கையைப் பிடித்து அழைத்து வருகிற அம்மாவும் அல்ல. அந்தப் பிள்ளைதான். பெற்றவர்களிடம் இதைச் சொன்னதும் முகம் சுருங்கிவிடும். "நாங்கள் வெளியே இருக்க வேண்டுமா?" என்று கேட்பார்கள். கொஞ்ச நேரம் இருக்கத்தான் வேண்டும். பிள்ளை தன் வாயால் சொல்வதைக் கேட்டு, கூடியவரை அதன்படி நட என்றுதான் தென்னாப்பிரிக்காவின் சிறார் நீதிச் சட்டம் எனக்குச் சொல்கிறது.

அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரல் முதல் நாள். அதன்படி, கைதான பிள்ளையை நன்னடத்தை அதிகாரி சந்தித்துப் பேசுவார். பிறகு, கைதான 48 மணி நேரத்துக்குள் முதற்கட்ட விசாரணை. மாஜிஸ்திரேட், அரசு வழக்கறிஞர், வீட்டுப் பெரியவர் எல்லாரும் ஓர் அறையில் இருப்பார்கள். வெளியாருக்கு அங்கே இடமில்லை. வழக்கை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகாமல் வேறு வழிக்குத் திருப்பலாமா என்று அங்கே பார்ப்பார்கள். 'டைவர்ஷன்' என்பது இதுதான். ஆலோசனை வகுப்பு, சமூகப் பணி, பாதிக்கப்பட்டவரிடம் மன்னிப்பு என்று ஏதாவது ஒன்று. பிள்ளையின் பெயரில் தண்டனைப் பதிவு ஏறாது. மிக நல்ல ஏற்பாடு. இதனால் மீண்டு வந்த பிள்ளைகளை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. "நான்தான் செய்தேன்" என்று பிள்ளை பொறுப்பேற்க வேண்டும், அதுவும் யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல். வற்புறுத்தல் என்றதும் நமக்குப் போலீஸ்காரர்தான் நினைவுக்கு வருகிறார். நான் பார்த்த வற்புறுத்தல் பெரும்பாலும் புடவை கட்டிக்கொண்டு, கண்ணீரோடு வந்தது.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். இன்று அவன் வளர்ந்த ஆள். அவன் அனுமதியோடுதான் பேசுகிறேன், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். அப்போது வயது பதின்மூன்று. கடையில் கைபேசி திருடியதாகப் புகார். கூட வந்தவர் ஆயா. மாஜிஸ்திரேட் ஆங்கிலத்தில் பொறுமையாகத்தான் கேட்டார். பையன் தலையைக் குனிந்துகொண்டான். ஆயா அவன் காதருகே தமிழில் சொன்னார்: "ஆமாம் ஐயா என்று சொல்லிவிடு, ராசா. வீட்டுக்குப் போய்விடலாம்." பையன் "எஸ், சார்" என்றான்.

அந்த அறையில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். மற்றவர்கள் காதில் விழுந்தது ஒரு பாட்டியின் ஆறுதல் முணுமுணுப்பு. என் காதில் விழுந்தது, சட்டம் கூடாது என்று சொன்ன அதே வற்புறுத்தல். பத்து நிமிடம் கேட்டு வாங்கி, பையனைத் தனியாக அழைத்துப் போனேன்.

முதலில் கைபேசியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். ஒன்றும் இல்லை என்றான். என் ரொட்டியில் பாதியைக் கொடுத்தேன். பிறகு, "எங்கிருந்து எடுத்தாய்?" என்றேன். "ஒரு அக்காவின் கைப்பையிலிருந்து." புகாரில் இருந்ததோ கடை மேசை! அவன் அந்தக் கடைக்குள் காலே வைத்ததில்லை. பெரியப்பா மகன் காகிதத்தில் சுற்றிக் கொடுத்ததை வைத்திருந்திருக்கிறான், அவ்வளவுதான். அண்ணன் கொண்டுவரும் சம்பளத்தில்தான் வீட்டில் உலை வைக்கிறார்கள். அண்ணன் பெயரைச் சொன்னால் ஆயாவுக்குச் சோறு ஏது? பதின்மூன்று வயதில் அவன் போட்ட கணக்கு அது.

அண்ணன் பெயரைச் சொல்லாதே என்றான். நான் சொல்லவில்லை. அவன் எடுக்கவில்லை என்பதை மட்டும் சொல்ல ஒப்புக்கொண்டான். ஆயாவுக்கு என்மேல் கோபமான கோபம். "முடிந்துபோன வழக்கை இழுத்து வைத்தாயே, பெண்ணே" என்றார். அவருக்கு ஒவ்வொரு வாய்தாவும் டாக்சிக் கூலி, ஒரு நாள் வேலை, அக்கம்பக்கத்தார் பார்வை. அந்தக் கோபத்தை நான் குறை சொல்லமாட்டேன். வழக்கில் எங்களுக்கு இன்னொரு பலமும் இருந்தது: பதினான்கு வயது நிரம்பாத பிள்ளைக்குத் தன் செயலின் தவறு புரியும் என்பதை அரசுதான் ஐயமற நிரூபிக்க வேண்டும். இல்லாவிட்டால் அவனுக்கு அந்த அறிவு இல்லை என்றே சட்டம் கொள்ளும். மூன்றாவது வாய்தாவில் குற்றச்சாட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

மறுபடியும் சொல்கிறேன், ஆயாக்களே. பெரியவர்கள் முன்னால் தலை குனிந்து 'ஆமாம்' என்பதை நாம்தான் பிள்ளைகளுக்கு மரியாதையாகக் கற்றுக்கொடுத்தோம். நம் வீட்டில் அது மரியாதைதான். அந்த அறையில் அது ஒப்புதல். பிள்ளை நிஜமாகவே செய்திருந்தால், அதையும் அவனே சொல்லட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதுவே அவனுக்குப் பெரிய பலம். காதில் மட்டும் ஒன்றும் சொல்லாதீர்கள்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். இரண்டு செய்திகள், வேகமாக. 2022 ஆகஸ்ட் முதல் பன்னிரண்டு வயது நிரம்பாத பிள்ளைமேல் குற்ற வழக்கே போட முடியாது. முன்பு அந்த எல்லை பத்தாக இருந்தது. இன்னொன்று, சிறு வயதில் தண்டனைப் பதிவு ஏறிய உங்கள் மகனோ மகளோ இப்போது வேலை தேடுகிறார்களா? சிறிய குற்றமானால் ஐந்து ஆண்டு, அதைவிடப் பெரியதானால் பத்து ஆண்டு கழித்து, இடையில் அதுபோன்ற வேறு குற்றம் இல்லையென்றால், பதிவை நீக்கக் கேட்கலாம். மிகக் கொடிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. பதிவு தானாக நீங்காது. நீதி அமைச்சகத்துக்கு விண்ணப்பம் போட வேண்டும். பக்கத்து நீதிமன்றத்தில் போய்க் கேளுங்கள். வணக்கம்.