வளவுக்கு ஏசி எதற்கு?

நேயர்களுக்கு வணக்கம். காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் இருபத்தைந்து வருடமாக ஏசி மாட்டிக்கொண்டிருக்கிறேன். சித்திரை பிறந்தால் போனைக் கீழே வைக்க நேரம் இருக்காது. முன்பெல்லாம் "எந்தக் கம்பெனி நல்லது?" என்பார்கள். இப்போது பழைய செட்டிநாட்டு வீட்டுக்காரர்கள், "அறைக்கு அறை ஸ்ப்ளிட் மாட்டலாமா, ஓட்டலில் உள்ளமாதிரி வீடு முழுக்க சென்ட்ரல் போட்டுவிடலாமா?" என்கிறார்கள்.

சென்ட்ரல் என்றால் ஒரே பெரிய மெஷின். அது காற்றைக் குளிரவைத்து, தகர டக்ட், அதாவது பெரிய காற்றுக் குழாய் வழியாக எல்லா அறைக்கும் தள்ளும். ஸ்ப்ளிட்டில் டக்டே கிடையாது. உள்ளே ஒரு பெட்டி, வெளியே ஒரு பெட்டி, நடுவே விரல் தடிமனில் இரண்டு செம்புக் குழாய், ஒரு ஒயர், தண்ணீர் வடிய ஒரு டியூப். இவ்வளவும் நுழைந்து போக, சுவரில் மூன்று அங்குல ஓட்டை போதும்.

டக்ட் அப்படி இல்லை. ஒரு அடி உயரமாவது கேட்கும். அதை மறைக்க ஃபால்ஸ் சீலிங் அடிக்க வேண்டும். பர்மாவிலிருந்து கப்பலில் வந்த தேக்கு உத்திரத்துக்குக் கீழே ஜிப்சம் பலகை அடிக்க எனக்கு மனசு வராது. வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவேன். அமெரிக்காவில் பெரும்பாலும் டக்ட் வைத்த வீடுகள்தான். அங்கேயே இடுக்குகளில் கசிந்து 20 முதல் 30 சதவீதம் காற்று வீணாகிறது என்று அந்நாட்டு அரசின் எனர்ஜி ஸ்டார் திட்டம் சொல்கிறது. வருஷத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும் நம் வீட்டில், டக்டில் எலி புகுந்தாலும் யார் பார்க்கப்போகிறார்கள்?

அப்புறம் வளவு, அதாவது நடுவே திறந்த முற்றமும் சுற்றிலும் தாழ்வாரமும் அறைகளும் உள்ள கட்டு. சூடான காற்று முற்றத்தின் வழியே மேலே போய்விடுகிறது, முகப்பிலிருந்து பின்கட்டு வரை காற்று ஓடுகிறது. வீட்டைக் கட்டியவர்கள் அப்போதே போட்டுக்கொடுத்த ஏசி அதுதான். அங்கே சென்ட்ரல் வைத்தால் வானத்தைத்தான் குளிர வைக்கலாம். சிலர் முற்றத்துக்கு மேலே கண்ணாடி ஷீட் போட்டு மூடிவிட்டு, "தம்பி, வளவு கொதிக்கிறது" என்று கூப்பிடுகிறார்கள். கொதிக்காமல் என்ன செய்யும்?

இன்னொரு சங்கதியும் உண்டு. வளவைச் சுற்றி இருக்கும் அறைகள் புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஒவ்வொரு பங்காளிக் குடும்பத்துக்கும், ஒன்றாகப் பிரிந்தவை. ஒருவர் சென்னையில் இருப்பார், ஒருவர் சிங்கப்பூரில். பொங்கலுக்கு வரும் பங்காளிக்கும் வராத பங்காளிக்கும் சேர்த்து ஒரே மெஷின் ஓடினால் கரண்ட் பில்லை எப்படிப் பிரிப்பது? ஸ்ப்ளிட்டில் அந்த வம்பு குறைவு. யார் படுக்கிறார்களோ அந்த அறை மட்டும் ஓடும்.

எத்தனை டன் என்று கேட்பீர்கள். டன் என்பது பெட்டியின் எடை இல்லை. ஒரு டன் ஐஸ் 24 மணி நேரத்தில் கரையும்போது எவ்வளவு சூட்டை இழுக்குமோ அந்த அளவு. பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு ஒரு டன் என்பது பத்தடி கூரைக்குப் போடும் கணக்கு. கூரை பதினான்கு அடி என்றால் ஒன்றரை டன் பாருங்கள். தடித்த சுவர் பகலெல்லாம் குடித்த சூட்டை ராத்திரியில்தான் கக்கும். அதனால் படுக்கப்போகும்போது போடாமல், ஒரு மணி நேரம் முன்னாலேயே 24 டிகிரியில் போட்டு, மின்விசிறியையும் மெதுவாக விடுங்கள். 16 வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பது பிரமை. மீட்டர்தான் சீக்கிரம் ஓடும். யூனிட் கூடக்கூட விலையும் ஏறுகிற ஊர் இது.

சென்ட்ரலே வேண்டாம் என்று சொல்லவில்லை. புதிதாக, முற்றமில்லாமல், வரைபடத்திலேயே டக்டுக்கு இடம் விட்டுக் கட்டும் வீடு, எந்நேரமும் ஆள் நிறைந்திருக்கும் வீடு என்றால் சரி, போடுங்கள். மூன்று ஃபேஸ் லைன் மட்டும் மறக்க வேண்டாம்.

ஓட்டை என்றேனே, அதில் எனக்கு ஒரு பழைய காயம். தொழிலுக்கு வந்த புதிதில் கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டில் உளியும் சுத்தியுமாக இறங்கினேன். முட்டைவெள்ளை கலந்து, கண்ணாடிபோல் தேய்த்த சுண்ணாம்புச் சுவர். நாலாவது அடியில் தட்டு அகலத்துக்குப் பூச்சு அப்படியே தோசைபோல் கழன்று விழுந்தது. ஆச்சி திட்டவில்லை. கீழே கிடந்த துண்டை எடுத்து, முந்தானையால் தூசியைத் துடைத்து, உள்ளே கொண்டுபோய் வைத்துக்கொண்டார்கள். நான் சிமென்ட் பூசினேன். பச்சைப் புண்ணுக்கு ஒட்டுப்போட்டதுபோல் இன்றைக்கும் தனியாகத் தெரிகிறது.

இப்போது கோர் கட்டர் (சுவரை வட்டமாக அறுத்து ஓட்டை போடும் மெஷின்) இல்லாமல் அந்தச் சுவர்களைத் தொடுவதில்லை. முடிந்தால் கதவுக்கு மேலே உள்ள சாளரம் வழியாகவே குழாயைக் கொண்டுபோகிறேன். ஓட்டை போட்டே ஆகவேண்டும் என்றால் வெளிப்பக்கம் விரல் அகலம் தாழ்வாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வடிகிற தண்ணீர் உள்ளே திரும்பி, தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் சொட்டிச் சொட்டிக் கறை பிடிக்கும். வெளிப்பெட்டியை முகப்பில் மாட்டாமல் பின்கட்டு நிழலில் வையுங்கள். பூட்டிக் கிடந்த வீட்டுக்கு வந்ததும் சுவிட்சைத் தட்டிவிடாதீர்கள். மெக்கானிக்கைக் கூப்பிட்டு, வெளிப்பெட்டியின் மூடியைக் கழற்றி, போர்டில் பல்லி கிடக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.