பத்து நகங்களில் ஒரு கதைசொல்லி

[திரையில்: ஒரு கை. நகங்களில் மையால் எழுதிய எழுத்துகள்.]

மேடையில் அடுத்து எந்தக் கதை என்று மறந்துவிடாமல் இருக்க, ஒருவர் தன் பத்து விரல் நகங்களிலும் விரலுக்கொரு எழுத்தை எழுதிக்கொண்டார். பாதியிலேயே எந்த விரலில் நிற்கிறோம் என்பது குழம்பிவிட்டது. கூட்டம் முடிந்ததும், கைக்கு என்ன ஆயிற்று என்று விசாரித்தார்கள்.

அவர் அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன். அப்புறம் நகத்தை விட்டுவிட்டு, ஒரு தாளில் ஆறு சின்னப் படங்கள் வரைந்தார். வரைந்த பிறகு தாளும் தேவைப்படவில்லை. கண்ணை மூடினால் படங்கள் வரிசையாக வந்தன.

[திரையில்: சான் பிரான்சிஸ்கோ, 1866]

நாளிதழுக்காக ஹவாய்த் தீவுகளிலிருந்து கட்டுரைகள் எழுதித் திரும்பியவர், அக்டோபர் 2 அன்று அந்த அனுபவங்களை மேடையில் சொன்னார். பயம் என்றால் அப்படியொரு பயம்! சிரிப்பதற்கென்றே நண்பர்களை அரங்கில் அங்கங்கே உட்காரவைத்தார். ஆனால் அரங்கு நிரம்பி வழிந்தது.

[திரையில்: இருட்டு. அடுப்பு நெருப்பு மட்டும்.]

கதை சொல்லும் கலையை அவர் சிறுவயதில் கற்றது இங்கே. மிசூரியில் மாமாவின் பண்ணையில் அடிமையாக இருந்த டேனியல் என்ற பெரியவர், குழந்தைகளுக்குப் பேய்க்கதை சொல்வார். இறந்த மனைவியின் தங்கக் கையை, கணவன் கல்லறையைத் தோண்டி எடுத்துவிடுகிறான். பேய் தேடி வருகிறது. "என் தங்கக் கையை எடுத்தது யார்?"

இந்த இடத்தில் பேச்சை நிறுத்த வேண்டும். கதையில் மூழ்கிப்போன ஒரு சிறுமியையே உற்றுப் பார்க்க வேண்டும். அமைதி முற்றியதும் அவளை நோக்கிப் பாய்ந்து, "நீதான் எடுத்தாய்!"

இடைவெளி சரியாக இருந்தால் அவள் அலறித் துள்ளுவாள். ஒரு நொடி கூடினாலும் குறைந்தாலும் போச்சு. 1895-இல் இதை அழகான கட்டுரையாகவும் எழுதினார். ஆனால் படித்துப் பாருங்கள், அந்த அலறல் தாளில் கேட்காது. கதைசொல்லிக்கு எதிரே ஆள் வேண்டும்.

[திரையில்: உலக வரைபடம்]

அச்சுக்கோக்கும் இயந்திரம் ஒன்றில் பணத்தைக் கொட்டினார். சொந்தப் பதிப்பகமும் 1894-இல் திவாலானது. முழுக் கடனையும் அடைக்கச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. சரி, பேசியே அடைக்கிறேன் என்று 1895-இல், ஐம்பத்தொன்பது வயதில் கிளம்பினார். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இலங்கை, பம்பாய், கல்கத்தா. கல்கத்தாவிலிருந்து திரும்பும் வழியில் ஒரு நாள் நம் சென்னையிலும் கப்பல் நின்றது.

பயணம் முடிந்து இங்கிலாந்தில் இருந்தபோது, மகள் சூசி அமெரிக்காவில் இறந்துபோன செய்தி வந்தது. அவளுக்கு வயது 24. ட்வைன் எழுதுவதை நிறுத்தவில்லை. 1898-இல் கடைசிக் கடன்காரர் வரை பணம் போய்ச் சேர்ந்தது.