பருத்தித்துறையோடு திரும்பிவிடாதீர்கள்

எல்லோருக்கும் வணக்கம். இந்த விடுமுறைக்கு யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடமராட்சிக் கடற்கரைப் பக்கம் போகப்போவதாகப் பலர் சொன்னீர்கள், சந்தோஷம். வழக்கமாக என்ன செய்கிறோம்? பருத்தித்துறை வெளிச்சவீட்டைப் பார்க்கிறோம், சக்கோட்டை முனையில் நின்று படம் எடுக்கிறோம், தட்டை வடை ஒரு பை வாங்கிக்கொண்டு யாழ்ப்பாணத்துக்கு வண்டியைத் திருப்பிவிடுகிறோம். வடையைக் குறை சொல்லவே மாட்டேன், அது நாள்கணக்கில் மொறுமொறுப்புக் குறையாமல் இருக்கும். ஆனால் திரும்புவதற்கு முன்னால் கடற்கரை வீதியில் மேற்கே கொஞ்சத் தூரம் போங்கள். வல்வெட்டித்துறை வரும்.

மணலில் படுத்துக் கிடக்க ஆசைப்பட்டால் மணற்காட்டுக்குப் போகலாம். வல்வெட்டித்துறைக் கரையில் முருகைக்கல் (பவளப்பாறைக் கல்) அதிகம், காலில் செருப்பு இருக்கட்டும். இந்தக் கரையில்தான் கப்பல் கட்டினார்கள். வள்ளத்தை மட்டும் சொல்லவில்லை, பாய்க்கப்பல்! இங்கிருந்து தண்டையல்மார், அதாவது கப்பல் தலைவர்கள், பர்மாவுக்குப் போய் அரிசி ஏற்றி வந்தார்கள், இந்தியக் கரைகளுக்கும் போய்வந்தார்கள்.

அதில் ஒன்றுதான் அன்னபூரணி அம்மாள். ஏறத்தாழ 89 அடி நீளம், இரண்டு பாய்மரம், 1930 அளவில் உள்ளூர் மேஸ்திரிமார் வேம்பில் கட்டியது. சின்னப் பாய்ப்படகில் ஏற்கெனவே உலகைச் சுற்றிவந்த வில்லியம் அல்பேட் ரொபின்சன் என்ற அமெரிக்கர் அதைப் பார்த்து விரும்பி வாங்கி, தன் மனைவியின் பெயரை வைத்து, அமெரிக்காவுக்குக் கொண்டுவரச் செய்தார். 1937-இல் புறப்பட்டது. சூயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், ஜிப்ரால்டர், அப்புறம் அத்திலாந்திக் சமுத்திரம். 1938 ஆகஸ்டில் மசாசுசெட்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் துறைமுகத்தில் போய் நின்றது. வல்வெட்டித்துறைக் கடலோடிகள் ஐந்து பேர் அதில் அமெரிக்கா வரை போனார்கள். தலைமுறை தலைமுறையாகக் கடலோடியவர்கள் அவர்கள், அத்திலாந்திக் புயலையும் பார்த்துவிட்டார்கள். கொலம்பஸ் எந்த ஆண்டில் போனார் என்று நம் பிள்ளைகள் தூக்கத்திலும் சொல்வார்கள், இந்த ஐந்து பேர் போனதைக் கேட்டால் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கு இதில் உண்மையாகவே ஆற்றாமை உண்டு.

சரி, எப்போது போவது? என்னைக் கேட்டால் தைப்பொங்கலன்று. வல்வெட்டித்துறை உதயசூரியன் கடற்கரையில் பட்டப்போட்டி நடக்கும். வாலாட்டுகிற சின்னப் பட்டம் என்று நினைக்காதீர்கள், ஆளை விடப் பெரியதாக, கப்பல், விமானம், பறவை என்று மூங்கிலைக் கட்டி உருவமாகவே செய்துகொண்டு வருவார்கள். ஒரு பட்டத்தைப் பிடிக்க நாலைந்து இளைஞர்கள் கயிற்றோடு இழுபடுவார்கள். தையில் வாடைக்காற்று கடலிலிருந்து ஊரைப் பார்த்து அடிக்கும், அதனால் பட்டமெல்லாம் கடல்மேல் போகாமல் வீடுகளின் மேலே நிற்கும், நீங்கள் கடலுக்கு முதுகைக் காட்டி நின்றுதான் பார்க்கவேண்டும். பெரிய பட்டம் எழும்பும்போது கயிறு பிடிக்கிறவன் பக்கத்தில் போய் நின்று பாருங்கள். காற்று கூடினால் எவ்வளவு விடுவது, விழப்போனால் எப்போது சுண்டி இழுப்பது என்பதெல்லாம் அந்தப் பையனின் கைக்கு எப்படி வந்தது என்று பக்கத்தில் நிற்கும் பெரியவர்களைக் கேளுங்கள். அவர்களில் யாராவது தன் பாட்டனார் ஓடிய கப்பலைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால், தயவுசெய்து கைபேசியில் பதிவு செய்துகொண்டு வாருங்கள்.